கடல் நாய்களுக்குக் கணக்குப்பிள்ளை

சீல் என்று சொன்னால் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வருகிறது? தபாலாபீஸில் 'டக், டக்' என்று குத்துகிறார்களே, அதுதானே? அல்லது ரிஜிஸ்தர் கவரின் முதுகில் உருக்கி ஊற்றுகிற சிவப்பு அரக்கு. இன்னும் கொஞ்சம் யோசித்தால், மூக்கு நுனியில் பந்தை நிறுத்திக்கொண்டு வித்தை காட்டுகிற ஒரு வழவழப்பான பிராணி ஞாபகம் வரலாம். அதைத்தான் சொல்கிறீர்கள் என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். பாதிதான்! ஏனென்றால், பந்து விளையாடுகிற அந்த ஆசாமி சீல் அல்ல. சீலின் ஒன்றுவிட்ட சகோதரனான கடல் சிங்கம். அவருக்குத் தலையின் இருபுறமும் சின்னக் காது மடல்கள் உண்டு. முன் துடுப்புகளை ஊன்றி நிமிர்ந்து உட்காருவார். அவசரம் என்றால் ஓடவும் செய்வார். சீலுக்குக் காது மடல் கிடையாது, இரண்டு துவாரங்கள்தான். தரையில் நடக்கவும் தெரியாது. வயிற்றால் உந்தி, உந்தி, ஒரு பிரம்மாண்டமான கம்பளிப் பூச்சி போல நகரும். தண்ணீருக்குள் போய்விட்டாலோ, அதன் அழகே தனி.

தமிழில் இதற்குக் கடல் நாய் என்று பெயர். நம் பக்கத்துக் கடலில் இல்லாத பிராணிக்கு மரியாதையான பெயராகத்தான் வைத்திருக்கிறோம். விஞ்ஞானிகள் சாம்பல் நிறச் சீலுக்கு வைத்திருக்கும் லத்தீன் பெயருக்கு அர்த்தம் என்ன தெரியுமா? 'கொக்கி மூக்குக் கடல் பன்றி!' நாயே தேவலை என்று தோன்றுகிறதல்லவா?

உலகத்தில் உள்ள சாம்பல் நிறச் சீல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலிலேதான் வாழ்கின்றன. அவற்றைக் கரையோரமாக நின்று எண்ணி, முகம் பார்த்துப் பெயர் சொல்லி, வரவு செலவு எழுதுகிற சில மனிதர்களைப் பார்க்கத்தான் உங்களை இப்போது அழைத்துப் போகிறேன். சம்பளம் கிடையாது. பயணப்படி கிடையாது. குளிர் மட்டும் தாராளமாகக் கிடைக்கும். கம்பளிச் சட்டை ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால், கொஞ்சம் முன்பின்னாக ஐந்து மணி நேரத்தில் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலைக்கு வந்து விடுவோம். கார்ன்வால் என்பது இந்தப் பிரதேசத்தின் பெயர். தேசப் படத்தில் பார்த்தால், அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் இங்கிலாந்து ஒரு காலை நீட்டியிருப்பது போல இருக்கும். ஹெயில் என்ற சிற்றூரில் இறங்கி, வளைகுடாவின் ஓரமாகவே போனால் காட்ரெவி முனை. எதிர்க்கரையில் செயின்ட் ஐவ்ஸ் பட்டணம். நடுவே, கரைக்குச் சற்று எட்டினாற்போல் ஒரு பாறைத் தீவு; அதன் மேல் வெள்ளை வெளேரென்று ஒரு கலங்கரை விளக்கம்.

இந்த விளக்கத்துக்குச் சோகமான கதை ஒன்று உண்டு. 1854-ம் வருஷம் நவம்பர் மாதக் கடைசியில் 'நைல்' என்ற நீராவிக் கப்பல் இங்குள்ள பாறைகளில் மோதி, அதில் இருந்த ஒருவர்கூடத் தப்பாமல் முழுகிப் போனது. அதன் பிறகுதான் விளக்கு வைக்க வேண்டும் என்று பலருக்கும் தோன்றியது. 1859-ல் ஏற்றினார்கள். செயின்ட் ஐவ்ஸில் குழந்தைப் பருவத்துக் கோடை விடுமுறைகளைக் கழித்த வர்ஜீனியா வுல்ஃப் என்ற நாவலாசிரியை, 1927-ல் எழுதிய பிரசித்தமான நாவலின் கலங்கரை விளக்கத்துக்கு இதுதான் மூலம் என்பார்கள். கதை நடப்பதென்னவோ ஸ்காட்லாந்தில்! 2012-ல் விளக்கைப் பக்கத்துப் பாறையில் ஓர் இரும்புச் சட்டத்தின் மேல் மாற்றி விட்டார்கள். வெள்ளைக் கோபுரம் இப்போது ரிட்டயரான உத்தியோகஸ்தர் மாதிரி கம்பீரமாகச் சும்மா நின்று கொண்டிருக்கிறது.

ஆனால் நாம் விளக்கைப் பார்க்க வரவில்லை. முனையைச் சுற்றிக்கொண்டு போகும் ஒற்றையடிப் பாதையில் மெல்ல வாருங்கள். பேச்சைக் குறையுங்கள். நாய் கொண்டு வந்திருந்தால் கயிற்றை இறுக்கிப் பிடியுங்கள். இதோ, செங்குத்தான பாறை விளிம்பு. கீழே ஒரு சின்னக் குடாக் கரை. மட்டன் கோவ் என்று பெயர். எட்டிப் பார்க்க வேண்டாம். வானத்துக்கு எதிரே உங்கள் தலை தெரிந்தால் கீழே உள்ளவர்களுக்கும் தெரிந்துவிடும். தரையோடு தரையாகக் குனிந்து பாருங்கள்.

"ஒன்றும் இல்லையே, வெறும் பாறாங்கற்கள்தானே?" என்கிறீர்களா? எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஒரு கல் கொட்டாவி விடுகிறது பாருங்கள்! இன்னொரு கல் துடுப்பைத் தூக்கி விலாவைச் சாவகாசமாகச் சொறிந்து கொள்கிறது. மூன்றாவது கல், பக்கத்துக் கல் தன்மேல் உரசிவிட்டதென்று பல்லைக் காட்டிச் சீறுகிறது. அவ்வளவுதான், கரை முழுவதும் உயிர் வந்துவிடும். ஐம்பதோ, நூறோ, அதற்கு மேலோ! குளிர்காலத்தில்தான் இங்கே கூட்டம் அதிகம். பழைய ரோமத்தை உதிர்த்துப் புது ரோமம் வளர்க்கிற பருவம் அது; பெண் சீல்கள் முதலில், ஆண்கள் பின்னால். அப்போது உடம்பைக் காய வைத்துக்கொண்டு கரையில் கிடப்பதில்தான் அவற்றுக்குச் சுகம். காற்று நம் பக்கம் திரும்பினால் வாசனையும் வரும். அதை வர்ணிக்காமல் விட்டு விடுகிறேன். மீன் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதோ, புல்லின் மேல் தார்ப்பாயை விரித்து, முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு வயதான சீமாட்டி இருக்கிறாரே, அவரைப் போன்றவர்கள்தான் நம் கதாநாயகர்கள். கழுத்தில் பைனாகுலர். கையில் நீண்ட லென்ஸ் வைத்த காமிரா. பக்கத்தில் பென்சிலும் ஃபாரமும் தேநீர் ஃபிளாஸ்க்கும். பென்ஷன் வாங்குகிறவர்கள், பள்ளிக்கூட உபாத்தியாயர்கள், கடைச் சிப்பந்திகள், கல்லூரி மாணவர்கள் என்று பல தரத்து ஜனங்கள் இந்தக் கைங்கரியத்தில் இருக்கிறார்கள். இவர்களை ஒன்று சேர்த்த பெருமை சூ சேயர் என்ற அம்மையாரைச் சேரும். 2000-ல் கார்ன்வால் சீல் குழு என்று சிறிய அளவில் தொடங்கினார். அது வளர்ந்து இன்று ஒரு ஆராய்ச்சி அறக்கட்டளையாகவே நடக்கிறது.

வேலை என்ன? முதலில் எண்ணிக்கை. எண்ணுவது என்ன பிரமாதம் என்று நினைக்காதீர்கள். ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து தூங்குகிற நூறு உருவங்களை, அலை ஏறிக்கொண்டே வரும்போது, கண்ணில் தூறல் அடிக்க எண்ணிப் பாருங்கள்! தண்ணீரில் மிதக்கிறவை தனிக் கணக்கு. சீல் தண்ணீரில் நின்றபடியே தூங்கும். மூக்கு மட்டும் வெளியே, உடம்பு செங்குத்தாக உள்ளே, குப்பி மிதப்பது போல. எண்ணி முடிக்கும் நேரத்தில் அது முழுகும். வேறெங்கோ இன்னொன்று எழும். அது இதுவா, வேறா? ஆகையால் ஒரு முறைக்கு இரண்டு முறை எண்ணுகிறார்கள். ஆண் எத்தனை, பெண் எத்தனை, இளசு எத்தனை, காயம் பட்டது உண்டா, காற்று எந்தத் திசை, கடல் வற்றமா ஏற்றமா, எல்லாம் ஃபாரத்தில் ஏற வேண்டும்.

அடுத்ததுதான் சுவாரஸ்யமான கட்டம்: ஆளை அடையாளம் காண்பது.

நம் ஊரில் சலவைக்குப் போட்ட வேட்டியின் ஓரத்தில் வண்ணான் குறி என்று ஒன்று இருக்கும். நமக்கு அது வெறும் இரண்டு கோடும் ஒரு புள்ளியும். அவருக்கோ அது இன்னார் வீட்டு வேட்டி என்று சத்தியம் பண்ணிச் சொல்கிற சாசனம். சீலின் ரோமத்திலும் பகவான் அப்படி ஒரு குறி போட்டு அனுப்புகிறார். பெண் சீலுக்கு வெளிர் சாம்பல் உடம்பில் கறுப்புத் திட்டுகள். ஆணுக்குக் கறுத்த உடம்பில் வெளிறிய திட்டுகள். ஒன்றைப் போல் இன்னொன்றுக்கு இராது. வருஷா வருஷம் ரோமம் உதிர்ந்து முளைத்தாலும் அதே இடத்தில் அதே திட்டு வந்து உட்கார்ந்து கொள்கிறது. ஆகவே ஒருமுறை நல்ல போட்டோ எடுத்து வைத்து விட்டால் பத்து வருஷம் கழித்து வந்தாலும், "அடியே, நீயா!" என்று கேட்கலாம்.

இதில் சிக்கல்கள் இல்லாமல் இல்லை. இடது பக்கத்துக் குறி வேறு, வலது பக்கத்துக் குறி வேறு. இரண்டு பக்கமும் கிடைத்தால்தான் ஜாதகம் முழுமை. நனைந்திருக்கும்போது பளிச்சென்று தெரிகிற குறி, காய்ந்தால் மங்கி விடும். கிழட்டு ஆண்களின் கறுப்பு உடம்பில் ஒன்றுமே புலப்படாது. கழுத்தில் உள்ள சண்டைத் தழும்புகளைக் கொண்டு சமாளிக்க வேண்டும். போட்டோக்களை ஒப்பிட இப்போது கம்ப்யூட்டரும் உதவுகிறது. ஆனாலும், 'இது அதுதான்' என்று தீர்ப்பு எழுதுவதற்குப் பழகின கண் வேண்டியிருக்கிறது. பெயர் வைப்பதும் அந்தக் குறியைக் கொண்டே. கழுத்தில் அம்பு மாதிரி தெரிந்தால் அம்பு; புஷ்பம் மாதிரி தெரிந்தால் புஷ்பம். நம்மில் யாராவது போய் உட்கார்ந்தால் ஒவ்வொன்றின் கழுத்திலும் பிள்ளையாரும் வேலும் மயிலும் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

போட்டோ நோட்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் வெளிச்சமாயிற்று. இங்கே கிடக்கிற சீல்கள் 'உள்ளூர்வாசிகள்' அல்ல. கார்ன்வாலில் பார்த்த அதே முகம் வேல்ஸ் தீவுகளில் தெரிகிறது, அயர்லாந்தில் தெரிகிறது, கடல் தாண்டிப் பிரான்ஸின் பிரிட்டனி கரையில் தெரிகிறது. பாஸ்போர்ட் இல்லாமலேயே! ஆகையால் ஒரு குடாவில் மட்டும் காவல் போட்டால் போதாது. ஒரு கரைக்காரர் போட்டோவை இன்னொரு கரைக்காரருக்கு அனுப்பினால்தான் கணக்கு நேராகும்.

இன்னொன்று, தாய்மார்கள். சில பெண் சீல்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே சமயத்தில், அதே கரைக்கு வந்து குட்டி போடும். கார்ன்வாலில் ஆகஸ்டு மாதமே ஆரம்பித்து விடும். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் நவம்பர் வரை பொறுக்க வேண்டும். குட்டி பிறக்கும்போது ஏறக்குறைய 14 கிலோ. தும்பைப் பூப் போல் வெள்ளை ரோமம், கன்னங்கரேலென்று இரண்டு கண்கள். தாய்ப் பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு. மூன்றே வாரத்தில் குட்டி மூன்று மடங்கு பெருத்து, திண்டுத் தலையணை மாதிரி ஆகிவிடும். தாயோ பெரும்பாலும் பட்டினி கிடந்தே பால் கொடுத்து, தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை இழந்து எலும்பெடுத்துப் போய் விடுகிறாள். பிறகு ஒருநாள் கடலுக்குள் போகிறாள். போனவள் போனவள்தான்! மீன் பிடிக்கக் கற்றுக் கொடுப்பதில்லை. திரும்பிப் பார்ப்பதும் இல்லை. குட்டி தன் கொழுப்பையே தின்று சில நாள் கிடந்துவிட்டு, பசி தாங்காமல் தானாகவே கடலில் இறங்கிப் பிழைத்துக்கொள்ள வேண்டும். பிழைக்காமல் போவதே ஏராளம்.

இந்த இடத்தில்தான் நல்ல மனிதர்களால் கெடுதல் நேர்கிறது. மணலில் வெள்ளைக் குட்டி தனியாகக் கிடக்கும். உலாவ வந்தவர்களுக்கு மனசு உருகிவிடும். "ஐயோ பாவம், கடலிலிருந்து ஒதுங்கிவிட்டதே!" என்று தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விடுவார்கள். வெள்ளை ரோமத்தோடு இருக்கிற குட்டி கடலுக்குத் தயாராகவில்லை. அலை அதை அடித்துக்கொண்டு போகலாம். அல்லது சுற்றி நின்று படம் எடுப்பார்கள். கடலில் தலையை நீட்டிக் காத்துக்கொண்டிருக்கும் தாய், கூட்டத்தைக் கண்டு கரைக்கு வரப் பயப்படுவாள். எட்டி நின்று, ஒருவரையும் நெருங்க விடாமல் பார்த்துக்கொண்டு, மீட்புக்காரர்களுக்கு டெலிபோன் செய்வதே சரியான உதவி. 1988-ல் வடகடலில் ஒரு விஷக் காய்ச்சல் பரவி, ஐரோப்பியக் கரைகளில் ஏறக்குறைய 18,000 சீல்கள் மாண்டபோது, அவற்றுக்கு உதவப் போனவர்கள் அமைத்த மீட்புச் சங்கம் ஒன்று இன்றும் தொண்டர்களாலேயே நடக்கிறது. கார்ன்வாலில் அதற்கு முன்பே, 1958-ல், கென் ஜோன்ஸ் என்பவர் செயின்ட் ஆக்னஸ் கரையில் ஒதுங்கிய ஒரு குட்டியை எடுத்து வைத்தியம் பார்த்தார். அது வளர்ந்து, 1975-ல் க்வீக் என்ற கிராமத்துக்கு மாறி, சீல் ஆஸ்பத்திரியாகவே ஆகிவிட்டது.

இனிச் சொல்லப் போவது மனசுக்குக் கஷ்டமான சங்கதி. பைனாகுலரை எடுத்து, கூட்டத்தின் ஓரமாக ஒதுங்கிக் கிடப்பதைப் பாருங்கள். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் தெரிகிறதா? ஆபரணம் அல்ல. பழைய வலைக் கயிறு. சீலுக்கு விளையாட்டுப் புத்தி அதிகம். மிதக்கிற வலைத் துண்டுக்குள் தலையை நுழைத்துப் பார்க்கும். ரோமம் பின்பக்கமாகப் படிந்திருப்பதால் நுழைந்த தலை திரும்பி வராது. சீல் வளரும், நைலான் வளருமா? வருஷக் கணக்கில் அது தோலையும் கொழுப்பையும் அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கும். கார்ன்வாலில் ஒரே ஒரு கரையில், 2004-லிருந்து சில வருஷம் எடுத்த போட்டோக்களைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியில் இப்படிச் சிக்கியவை 58 என்று கண்டார்கள். அவற்றில் 100-க்கு 64 படுகாயம். எது சுற்றியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தவை 15. அதில் 14, மீன்பிடி வலையும் தூண்டில் நரம்பும்! போட்டோ பிடிக்கிற பொழுதுபோக்கு என்று யாராவது சிரித்தால், இந்த 58-ஐச் சொல்லுங்கள்.

"பார்த்துக்கொண்டே இருக்கிறார்களே, இறங்கிப் போய் அறுத்து விடக் கூடாதா?" என்று உங்களுக்குப் பதைக்கும். எனக்கும் பதைக்கத்தான் செய்கிறது. ஆனால் யோசியுங்கள். கீழே நூறு சீல்கள். ஒரு மனிதன் பாறையில் இறங்கினால் போதும், நூறும் ஒரே சமயத்தில் கடலை நோக்கிப் பாயும். கூரான பாறைகளில் வயிறு கிழியும், இளசுகள் மிதிபடும். நாம் தேடிப் போனது எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீரில் இருக்கும். பெரிய ஆண் சீல் என்றால் 300 கிலோ வரை கனக்கும். பல் நாய்ப் பல்தான். ஆகையால் காத்திருக்கிறார்கள். இன்ன கழுத்துக்காரி இன்று வந்தாள், காயம் போன மாதத்தைவிட ஆழம் என்று எழுதுகிறார்கள். எட்டக்கூடிய வேறொரு மணற்கரையில், பயிற்சி பெற்ற ஆட்கள் வலையோடு நிற்கிற நேரத்தில், அவள் ஏறினால் உண்டு. இல்லாவிட்டால், ஒரு வருஷம் போட்டோவில் இருக்கிற முகம் மறு வருஷம் இராது.

எப்போதும் அப்படி முடிவதில்லை என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. கிழக்குக் கரையில் நார்ஃபோக் ஜில்லாவில் ஹார்ஸி என்ற ஊர். குளிர்காலத்தில் மணல் மேடுகளின் மேல் தொண்டர்கள் முறை வைத்துக் காவல் நிற்கிற இடம். அங்கே 2017-ல் ஒரு பெண் சீல் அகப்பட்டாள். கழுத்தில் பிள்ளைகள் வீசி விளையாடுகிற பிளாஸ்டிக் தட்டு. நடுவில் ஓட்டையுள்ள ரகம். ஃப்ரிஸ்பி என்பார்களே, அதுதான். மாதக் கணக்கில் அதை மாட்டிக்கொண்டு அலைந்திருக்கிறாள். ஒருவழியாகப் பிடித்து, தட்டை நறுக்கி எடுத்து, ஈஸ்ட் வின்ச் என்ற இடத்து மிருக வைத்தியசாலையில் மாதக் கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் புண்ணை ஆற்றினார்கள். 'மிஸஸ் ஃப்ரிஸ்பி' என்று நாமகரணமும் செய்தார்கள். 1918 அல்ல, 2018-ம் வருஷம் பிப்ரவரியில் அவள் கடலுக்குத் திரும்பினாள். ஓட்டையில்லாத தட்டை வாங்குங்கள் என்று அந்தக் கரைத் தொண்டர்கள் அதன் பிறகு கடை கடையாகக் கேட்டு வருகிறார்கள். ஒரு பைசா செலவில்லாத யோசனை. ஏன் முதலிலேயே யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

செம்படவர்கள் கட்சியையும் கேட்க வேண்டாமா? வலையில் விழுந்த மீனைச் சீல் பாதி கடித்துப் போட்டால் நஷ்டம் அவர்களுக்குத்தான், வயிற்றெரிச்சல் வாஸ்தவமானது. முன்பெல்லாம் துப்பாக்கியால் தீர்த்துக் கொண்டார்கள். சீல்கள் அருகிவிட்டன என்ற அச்சத்தில் 1914-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்து, குட்டி போடும் பருவத்தில் சாம்பல் நிறச் சீலைக் கொல்லக் கூடாது என்றது. 1970-ல் இன்னொரு சட்டம் வந்தது. அதிலும் வலையைக் காக்கச் சுடலாம் என்று ஒரு சந்து இருந்தது. 2021-ம் வருஷம் மார்ச்சு முதல் தேதியோடு அந்தச் சந்தும் அடைபட்டது. கிழிந்த வலைத் துண்டைக் கடலில் எறியாமல் கரைக்குக் கொண்டு வந்து சேர்க்கிற செம்படவர்களும் கார்ன்வாலில் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

இதோ, கடல் ஏறுகிறது. கீழே கரை சுருங்கிக்கொண்டே வருகிறது. கடைசி வரிசையில் கிடந்தவை முனகிக்கொண்டு மேலே நகர்கின்றன. முன் வரிசை மிதக்க ஆரம்பித்துவிட்டது. இந்தச் சமயத்தில் எங்காவது ஒரு தலை நிமிர்ந்து நேரே உங்களைப் பார்த்தால், உடனே பின்னால் ஓர் அடி வையுங்கள். சீல் உங்களைப் பார்த்தால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். இந்தக் கரைக்காரர்கள் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் இதுதான்.

எல்லா நாளும் இப்படிக் கூட்டம் இருக்கும் என்று நினைத்து ஏமாறாதீர்கள். ஒன்றுமே இல்லாத நாளும் உண்டு. வெறும் கூழாங்கல், நுரை, நாலு கடற்காகம். அன்றைக்கும் இந்தச் சீமாட்டி வருவார். தார்ப்பாயை விரித்து, பைனாகுலரால் மூலை முடுக்கெல்லாம் துழாவிவிட்டு, தேதி, மணி, காற்று, கடல் எல்லாவற்றையும் வழக்கம்போல் எழுதி, எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஒரு பூஜ்யம் போடுவார். பூஜ்யம் எழுதாமல் விட்டால் அன்று சீல் வரவில்லையா, ஆள் வரவில்லையா என்று பின்னால் யாருக்குத் தெரியும்? பிறகு ஃபிளாஸ்க்கில் மிச்சமிருக்கும் தேநீரைக் குடித்துவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அடுத்த குடாவை நோக்கி நடப்பார்.